சிவனொளிபாதமலை ஏறப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே உள்ளவை நல்லதண்ணி வழியாக, அதாவது ஹட்டன் பக்கமாக, ஏறுகிறவர்களுக்காக எழுதியவை. மற்றப் பாதைகளைப் பற்றித் தேவையான இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

மலை எவ்வளவு உயரம்? எத்தனை படி?

உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர். நல்லதண்ணி ஏறக்குறைய 1,250 மீற்றரில் இருக்கிறது. ஆக, ஒரே மூச்சில் 1,000 மீற்றர் மேலே போய், அதே 1,000 மீற்றர் கீழே வர வேண்டும். படிகள் ஐயாயிரத்துக்கு மேல். சரியான எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் எந்தச் சரிவைப் படியென்று எண்ணுவது என்பதிலேயே இன்னும் ஒற்றுமை வரவில்லை.

தூரத்தைக் கேட்டால் 5 கி.மீ. என்பவரும் உண்டு, 7 கி.மீ. என்பவரும் உண்டு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து அளக்கிறார்களா, படி தொடங்கும் இடத்திலிருந்து அளக்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம். எதுவானாலும் இந்த மலையில் கிலோமீற்றர் கணக்கு உதவாது. தட்டையான முதல் இரண்டு கிலோமீற்றரை முக்கால் மணித்தியாலத்தில் முடித்தவர், கடைசிக் கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுப்பார்.

ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

வாரத்தில் மூன்று நாளாவது நடக்கிற பழக்கம் உள்ளவருக்கு இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம். பழக்கமில்லாதவருக்கு நான்கு. சிறுவர்களோடும் வயதானவர்களோடும் போகும் குடும்பத்துக்கு ஐந்து அல்லது ஆறு. இறங்க இரண்டு முதல் மூன்று மணித்தியாலம் வையுங்கள். ஏறியதில் பாதி நேரத்தில் இறங்கிவிடலாம் என்று போடும் கணக்கு முழங்காலுக்குத் தெரியாது.

இந்தக் கணக்கெல்லாம் சனம் குறைந்த நாளுக்குத்தான். போயா (பௌர்ணமி) நாளிலும் சனி, ஞாயிறிலும் மகாகிரிதம்ப என்ற கடைசிச் செங்குத்துப் பகுதியில் வரிசை அப்படியே நின்றுவிடும். நான்கு மணித்தியாலம் எட்டாவதும், சூரியன் உதிக்கும்போது உச்சிக்கு முந்நூறு படி கீழே ஒருவர் முதுகைப் பார்த்தபடி நிற்பதும் அந்த நாட்களில் சாதாரணம். முடியுமானால் செவ்வாய், புதன், வியாழனில் போங்கள்.

எந்த மாதம் நல்லது?

யாத்திரைக் காலம் டிசம்பரில் வரும் உந்துவப் போயாவில் தொடங்கி, மே மாத வெசாக் போயாவோடு முடியும். அந்த மாதங்களில் படி நெடுக மின்விளக்கு எரியும், கடைகள் திறந்திருக்கும், பொலிசும் முதலுதவி நிலையங்களும் இருக்கும்.

அதற்குள்ளும் மாதத்துக்கு மாதம் வானம் வேறு. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழையின் பாதிப்பு இருக்கும். இரண்டு நாள் தெளிவு, ஒரு நாள் மூட்டம் என்று போகும். ஜனவரி கடைசியும் பெப்ரவரியும்தான் எங்கள் தெரிவு: குளிர் அதிகம், வானம் தெளிவு. மார்ச்சிலும் ஏப்ரலிலும் காலை நன்றாக விடியும், பின்னேரம் இடியும் மழையும் வரும். வெசாக் நெருங்க நெருங்கத் தென்மேல் பருவக் காற்று தலைகாட்டத் தொடங்கும்.

வானிலை ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது? கீழே நட்சத்திரம் தெரிந்ததே, மேலே ஏன் மழை?

மத்திய மலைநாட்டின் தென்மேல் ஓரத்தில் இந்த மலை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்றுக்கு இரத்தினபுரித் தாழ்நிலத்தைத் தாண்டியதும் முட்டும் முதல் சுவர்களில் இதுவும் ஒன்று. முட்டிய காற்று மேலே எழும்பிக் குளிர்ந்து முகிலாகிறது. உங்களுக்கு அது மழையாகத் தெரிகிறது. உண்மையில் நீங்கள் நிற்பது முகிலுக்கு உள்ளே.

இதற்கு மேல் ஒரு நாளாந்த ஒழுங்கும் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கும். அதனால்தான் அதிகாலையில் மவுஸாகலை நீர்த்தேக்கப் பக்கம் முழுக்கப் பஞ்சு விரித்ததுபோல் முகில் கீழே கிடக்க, உச்சி வெளித்து நிற்கும். வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகி, அந்த ஈரம் மேலே நகரத் தொடங்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கு உச்சி மூடிக்கொள்வதற்கு இதுதான் காரணம். ஆகவே காலையில் வானம் தெளிவாக இருப்பது மத்தியானத்துக்கு எந்த உறுதியும் இல்லை. அதேபோல் இரவு இரண்டு மணிக்குத் தூறினால் திரும்பிவிட வேண்டும் என்பதும் இல்லை. விடியும்போது வெளித்துவிடுவதும் உண்டு. இடி கேட்டால் அது வேறு கதை, கீழே பாருங்கள்.

எத்தனை மணிக்குப் புறப்படுவது?

இதில்தான் ஆகக் கூடுதலான பேர் பிழைவிடுகிறார்கள். பிந்திவிடுவோமோ என்ற பயத்தில் இரவு பத்து, பதினொரு மணிக்கே புறப்பட்டு, இரண்டு மணிக்கு உச்சிக்குப் போய்விடுகிறார்கள். ஏறிய வேர்வையில் பெனியன் தொப்பலாக நனைந்திருக்கும். நடை நின்ற பத்தாவது நிமிடம் குளிர் எலும்பில் ஏறும். சூரியன் வர இன்னும் நான்கு மணித்தியாலம் இருக்கும். மேலே இருக்கும் மண்டபத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து பல்லுக் கிட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் இப்படி முந்திப் போனவர்கள்தான்.

பின்னாலிருந்து எண்ணுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் சூரிய உதயம் ஏறக்குறைய 6.20க்கும் 6.25க்கும் இடையில். ஏப்ரல் கடைசியில் 6 மணிக்குச் சற்று முன். உதயத்துக்கு 40 நிமிடம் முன்னால் உச்சியில் நின்றால் போதும். கீழ்வானம் வெளுப்பதையும் பார்க்கலாம். பெப்ரவரியில் ஒரு கிழமை நாளில் போகும் நடுத்தர நடைக்காரர் 5.40க்கு மேலே இருக்க வேண்டுமென்றால், ஏற்றத்துக்கு மூன்று மணித்தியாலம், தேநீருக்கும் மூச்சு வாங்கவும் அரை மணித்தியாலம்: 2.10க்குப் புறப்படலாம். அதுவரை தங்குமிடத்தில் படுத்து நித்திரை கொள்ளுங்கள்.

அப்படியும் நேரம் மிஞ்சினால் அதை உச்சியில் கழிக்காதீர்கள். மகாகிரிதம்பவுக்குக் கீழே உள்ள தேநீர்க் கடைகளில் கழியுங்கள். அங்கே காற்றுக்கு மறைப்பும் அடுப்பும் இருக்கும்.

மேலே எவ்வளவு குளிர்? என்ன உடுப்பது?

உயரம் 100 மீற்றர் கூடக் கூட வெப்பம் 0.65 பாகை அளவில் குறையும். நல்லதண்ணியைவிட உச்சி ஆறு, ஏழு பாகை குளிர். விடியற்காலையில் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவதும் உண்டு. நுவரெலியாவில் பிறந்தவருக்கு இது பெரிதல்ல என்று தோன்றலாம், ஆனால் உச்சியில் காற்று உண்டு. 10 பாகையில் மணிக்கு 40 கி.மீ. காற்று அடித்தால் உடம்புக்கு அது 6 பாகைபோல இருக்கும். உடுப்பு ஈரமென்றால் இன்னும் மோசம்.

ஏறும்போது சற்றுக் குளிர்வதுபோல உடுப்பதுதான் சரி. ஒரு மெல்லிய ரீ-சேர்ட், அவ்வளவுதான். சுவெட்டரோடு ஏறத் தொடங்கினால் வழியில் வரும் சீத கங்குல ஓடைக்குப் போகும்போதே அது நனைந்துவிடும். பிறகு மேலே போட உங்களிடம் காய்ந்தது எதுவும் இருக்காது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விளையாட்டு ரீ-சேர்ட் துணி சீக்கிரம் காயும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் ஒவ்வொரு படியிலும் தொடையைப் பிடித்து இழுக்கும்.

பையில் ஒரு பொலித்தீன் உறைக்குள் கட்டி வைக்க வேண்டியவை: காய்ந்த பெனியன் ஒன்று, சுவெட்டர் அல்லது ஜேர்சி, காதை மூடும் குல்லா, தடித்த மேசு ஒரு சோடி. உச்சிக்குச் சற்றுக் கீழே, காற்றுப் படாத வளைவில் நின்று, நனைந்ததைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுங்கள். மேலே போய் மாற்றலாம் என்றால் கூட்டத்தில் கை தூக்கவே இடமிருக்காது. மேசு எதற்கென்றால், உச்சி முற்றத்தில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். விடியற்காலையில் அந்தச் சீமெந்தும் கல்லும் பனிக்கட்டிபோல் இருக்கும்.

குடை போதாதா?

போதாது. காற்று அதைப் பிரட்டிவிடும், ஒடுங்கிய படியில் பின்னால் வருகிறவரின் கண்ணில் குத்தும், ஒரு கையையும் பிடித்துக்கொள்ளும். முழங்கால் வரை வரும் மழைக்கோட்டு வாங்குங்கள். தரையில் இழுபடும் மலிவான பொன்சோவும் வேண்டாம். இறங்கும்போது அதை மிதித்து விழுகிறவர்கள் உண்டு.

சப்பாத்தா, செருப்பா?

தேய்ந்த இறப்பர்ச் செருப்போடு ஏறிவிடும் ஆச்சிமாரைப் பார்த்து நீங்களும் அப்படிப் போக வேண்டாம். அவர்கள் இருபது தடவை ஏறியவர்கள், தேயிலை மலைச் சரிவிலேயே ஆயுள் முழுக்க நடந்தவர்கள். அடிப்பாகம் ஆழமாக வெட்டிய சப்பாத்து வேண்டும். புதிதாக வாங்கினால் குறைந்தது இரண்டு கிழமை போட்டு நடந்துவிட்டு வாருங்கள். முதல் நாள் கால் நகத்தை வெட்டுங்கள். இறங்கும்போது விரல் முன்னால் மோதி மோதி நகம் கறுத்துப்போவது இங்கே மிகச் சாதாரணமான காயம்.

பாதையில் என்னென்ன வரும்?

நல்லதண்ணிக் கடைத்தெருவைக் கடந்து, மகர தோரணத்துக்குள் போனதும் தேயிலைக்கு நடுவே மெதுவான ஏற்றம். பிறகு வெள்ளையாக ஜப்பானிய சமாதான தாதுகோபுரம். அதன் அருகே சீத கங்குல என்னும் ஓடை. யாத்திரிகர்கள் முகம் கைகால் கழுவுவார்கள், சிலர் குளிக்கவும் செய்வார்கள். இரவில் குளிக்க நினைத்தால் தலையைத் துவட்டக் காய்ந்த துண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதற்குப் பிறகு படிகள் அடர்த்தியாகும். இந்திகட்டுபான என்ற இடத்தில் முதல் தடவை வருகிறவர்கள் ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து விட்டுச் செல்வார்கள். அங்கிருந்து கைப்பிடியோரமாக நூல் ஓடிக்கொண்டிருக்கும். பையில் சிக்கினால் அறுக்காமல் மெல்ல எடுத்துவிடுங்கள். எதிரே வருகிறவர்கள் “கருணாவை” என்பார்கள். நீங்களும் அதையே சொன்னால் போதும்.

கடைசியாக மகாகிரிதம்ப. படிகள் ஏணிபோல் நிற்கும், உயரமும் ஒன்றுபோல் இராது: ஒன்று அரைச் சாண், அடுத்தது முழங்கால் மட்டம். ஐம்பது படி ஏறி ஒரு நிமிடம் நில்லுங்கள், திரும்பவும் ஐம்பது. வேகமாக இருநூறு ஏறிப் பத்து நிமிடம் உட்கார்வதைவிட இது சீக்கிரம் முடியும், உடம்பும் ஆறிக் குளிராது. நிற்கும்போது ஓரமாக நில்லுங்கள்.

மேலே என்ன செய்யக் கூடாது?

பாதம் உள்ள மண்டபத்துக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். சப்பாத்து, தொப்பி கழற்ற வேண்டும். எத்தனையாவது தடவை ஏறினீர்களோ அத்தனை முறை மணியடிப்பது வழக்கம். முதல் தடவை என்றால் ஒன்றுதான். பௌத்தருக்கு ஸ்ரீ பாதம், சைவருக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர் பலருக்கும் ஆதமோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம். பக்கத்தில் நிற்பவர் வேறு ஏதோ சொல்லிக் கும்பிடுவார். அங்கே அது புதினமல்ல.

மலையின் முக்கோண நிழலைப் பார்க்க எங்கே நிற்க வேண்டும்?

சூரியனுக்கு முதுகு காட்டி, மேற்குப் பக்கம். எல்லோரும் கிழக்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, நிழல் பின்னால் இரத்தினபுரிப் பக்கத்து மூட்டத்தின் மேல் விழுந்துகொண்டிருக்கும். சூரியன் முழுதாக வெளிவந்ததும் உடனே மற்றப் பக்கம் போங்கள். ஆரம்பத்தில் அது அடிவானம் வரை நீளும், வெயில் ஏறச் சுருங்கும். சில நிமிடங்களில் அதன் கூர்மை போய்விடும்.

அத்தனை ஒழுங்கான முக்கோணம் மலையின் வடிவத்தால் மட்டும் வருவதல்ல. மிக நீண்ட நிழலின் நுனி வெகு தூரத்தில் இருப்பதால், நேரான ரயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல, கண்ணுக்கு ஒரு புள்ளியில் கூடித் தெரிகிறது. உச்சி தட்டையான மலைகளிலும் நிழல் இப்படித்தான் கூர்மையாக விழும்.

இடி மின்னல் வந்தால்?

உச்சியை விட்டு இறங்குங்கள். சுற்றிலும் அதைவிட உயரமான பொருள் எதுவுமில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவென்றால் அது 10 கி.மீ. சுற்றளவுக்குள் வந்துவிட்டது. படியோர இரும்புக் கைப்பிடியை அந்த நேரத்தில் தொடாதீர்கள். சற்றுத் தூரத்தில் விழுந்த மின்னலையும் அது கடத்திக்கொண்டு வரும். தகரக் கொட்டிலைவிடச் சுவருள்ள மடம் நல்லது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் பொறுத்துத்தான் வெளியே வர வேண்டும். மார்ச், ஏப்ரலில் மத்தியானத்துக்கு முன் கீழே வந்துவிட்டால் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது.

இருட்டில் வேண்டாம், பகலில் ஏறலாமா?

தாராளமாக. காட்டையும் தேயிலையையும் அருவிகளையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுவே நல்லது, சனமும் குறைவு. காலை 5.30க்குப் புறப்பட்டு, ஒன்பது மணிக்குள் மேலே போய், பத்துக்கு முன் இறங்கத் தொடங்குங்கள். உதயம் கிடைக்காது. மூட்டம் ஏறுமுன் கிடைக்கும் அரை மணித்தியாலக் காட்சியே பரிசு. எட்டு மணிக்குப் பிறகு படியில் நேரடி வெயில் விழும் இடங்கள் உண்டு. தொப்பியும் இரண்டு லீற்றர் தண்ணீரும் வேண்டும். இரவில் ஒன்றரை லீற்றர் போதும்.

சாப்பாடு?

புறப்படுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பு சோறோ ரொட்டியோ அளவாக. வழியில் வாழைப்பழம், கச்சான், பேரீச்சம்பழம். தசை பிடித்தால் ஒரு பக்கற் ஜீவனியை (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) பக்கற்றில் சொல்லியிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். கடைகளில் பிளேன்டீ, ரொட்டி, வடை கிடைக்கும். மேலே போகப் போக விலை கூடும். ஒவ்வொரு சீனி மூட்டையும் காஸ் சிலிண்டரும் ஒருவர் முதுகில்தான் ஏறியிருக்கிறது, பேரம் பேசாதீர்கள். வெற்றுப் போத்தலைத் திரும்பக் கீழே கொண்டுவாருங்கள். இந்தக் காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் பகுதி.

இறங்கும்போது கால் நடுங்குகிறது, ஏன்?

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உங்கள் பாரத்தைத் தாங்க வேண்டும். ஐயாயிரம் தடவை தடுப்புப் போட்டால் அது களைத்து நடுங்கும். பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வையுங்கள், முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள், குதித்து இறங்காதீர்கள். ஒரு தடி கையில் இருந்தால் முழங்காலின் பாரம் நன்றாகக் குறையும். ஏறும் முன்பு வாங்கிய தடியைப் பாதி வழியில் பாரமென்று எறிந்துவிட்டுப் போகிறவர்கள் பலர். அதன் தேவை தொடங்குவதே உச்சியில்தான். நோவு இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும், ஆகவே மறுநாளுக்கு மாடிப்படி ஏறும் வேலை வைக்காதீர்கள்.

வழி தவற வாய்ப்புண்டா?

ஏறும்போது இல்லை. இறங்கும்போது உண்டு. உச்சியிலிருந்து இரத்தினபுரிப் பக்கமும் படி இறங்குகிறது. விடியற்காலைக் கூட்டத்தோடு அள்ளுப்பட்டு அந்தப் பக்கம் போய்விட்டால், பலாபத்தலவிலோ எரத்னவிலோ போய் நிற்பீர்கள். அங்கிருந்து வாகனத்தில் நல்லதண்ணிக்குச் சுற்றிவர அரை நாள் போய்விடும். இறங்கத் தொடங்குமுன் “நல்லதண்ணி, ஹட்டன்” என்ற பலகையைப் பாருங்கள், ஒருவரைக் கேட்டும் விடுங்கள். மவுஸாகலை நீர்த்தேக்கம் கீழே தெரிந்தால் பக்கம் சரி.

இரத்தினபுரி (பலாபத்தல), குருவிட்ட (எரத்ன) பாதைகள் நீளமானவை, ஏற்றமும் கூடுதல், காடும் அடர்த்தி. 1344இல் இலங்கை வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா, மலைக்கு ‘பாபா’ வழி, ‘மாமா’ வழி என இரண்டு இருந்ததாகவும், பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்ததாகவும் எழுதினார். அவரும் இலகுவானது எது என்று கேட்டிருப்பார் போலும். முதல் தடவை என்றால் நல்லதண்ணிதான்.

யாத்திரைக் காலம் முடிந்த பிறகு போகலாமா?

போகிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கு இல்லை, கடை இல்லை, முதலுதவி இல்லை, படியில் பாசி. ஜூன் முதல் செப்டெம்பர் வரை காற்றும் மழையும் நாள் கணக்கில் விடாது. மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் போகவே கூடாது. மற்ற நாளில் என்றால் தனியாக வேண்டாம், இருட்டில் வேண்டாம். காட்டில் சிறுத்தை உண்டு, பார்ப்பது அரிது என்றாலும். இரண்டு பேருக்கு மூன்று டோர்ச், மேலதிக பற்றரி. பத்து மணிக்குள் உச்சி எட்டவில்லை என்றால் எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்பிவிடுங்கள்.

அட்டை கடித்தால்?

மழை நாளில் கடிக்கும். காற்சட்டையை மேசுக்குள் செருகி, மேசின் மேல் சவர்க்காரத்தை ஈரமாக்கித் தடவுங்கள். ஒட்டிவிட்டால் நகத்தால் வாய்ப்பக்கத்தை ஓரமாகத் தள்ளி எடுங்கள். இழுத்துப் பிய்க்காதீர்கள். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டுவிடுவதால் வெகு நேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

யார் ஏறக் கூடாது?

நெஞ்சுநோவு, கட்டுப்படாத இரத்த அழுத்தம், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஏற வேண்டாம். நீரிழிவுக்காரர் மாத்திரையையும் இனிப்பையும் பையின் வெளிப்பைக்குள் வையுங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மேசில்லாமல் நிற்கக் கூடாது. ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கைக்குப் பரவும் நோவோ வந்தால் “இன்னும் நூறு படிதானே” என்று யாரும் ஊக்கம் கொடுக்காதீர்கள். உட்கார வைத்து உடனே உதவி கேளுங்கள். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. வாகனம் கீழே மட்டும்தான் வரும். அதுவரை ஆள் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

குளிரில் ஒருவர் நடுங்கி, பேச்சுக் குழறி, பிறகு நடுக்கம் திடீரென நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது. ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, போர்வையால் சுற்றி, அடுப்புள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். முழு நினைவோடு இருந்தால் மட்டும் சீனி போட்ட சூடான தேநீர் கொடுங்கள்.

நல்லதண்ணிக்கு எப்படிப் போவது?

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஹட்டன். அங்கிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு ஏறக்குறைய 33 கி.மீ.; பஸ்ஸில் ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம். யாத்திரைக் காலத்தில் நேரடி பஸ் ஓடும். மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் மாற வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் மலைநாட்டு ரயில் பாதை மூடப்படுவது உண்டு, புறப்படும் நாளன்று காலையில் கேட்டுவிட்டே வெளிக்கிடுங்கள். பின்னேரம் நான்கு மணிக்குள் நல்லதண்ணிக்குப் போய்ச் சேர்ந்தால், சாப்பிட்டுவிட்டு ஆறு மணித்தியாலமாவது படுக்கலாம்.